நாக்கில் ஒட்டிய சில்லு

செக்கிங் செக்‌ஷனில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, வசந்தா எழுதுவது. அந்த மேஜையில் நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், தலையாட்டி பொம்மை என்று நம் பீங்கான் கம்பெனியில் சுட்ட சாமான் எதுவும் என் கை படாமல் பெட்டிக்குள் போனதில்லை. எப்படித் தட்டிப் பார்ப்பது, எப்படி அளப்பது என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்துவிடுவார். நான் சொல்லப்போவதை அவர் சொல்லமாட்டார், ஏனென்றால் அது நான் பண்ணிய கோளாறு. அதையும் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் பண்ணினேன்.

படித்துவிட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பழைய முதலாளியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் தவறாமல் கிருத்திகை விரதம், நெற்றி நிறைய விபூதி. ஒருமுறை சென்னையிலிருந்து பீர் குவளைக்கு ஆர்டர் வந்தது. வந்தவருக்கு மோர் கொடுத்து உபசரித்து, "இந்தச் சூளையில அது வேகாதுங்க, வேற எடம் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். சிகரெட் சாம்பல் தட்டுக்கும் அதே பதில்தான். அப்படிப்பட்டவருடைய கம்பெனிக்கு நான் ஒயின் ஜாடி ஆர்டர் வாங்கினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முதலாளி வெளியூர் போயிருந்த ஒருநாள் பிலோமினா என்ற பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். காலேஜில் தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டுத் திராட்சை போட்டிருந்தார். கல்வராயன் மலை மேலே ஒரு தோட்டம், மலையடிவாரத்தில் இன்னொன்று. லைசென்ஸ் வாங்கி முறைப்படி ஒயின் செய்கிறவர். அவருக்கு உள்ளும் புறமும் க்ளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுப் போட்ட இருபத்துநான்கு பெரிய ஜாடிகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் அடியில் குழாய் மாட்ட ஓர் ஓட்டை வேண்டும் என்றார்.

"மரப் பீப்பாய்லதான ஊத்துவாங்க?" என்றேன். எங்கேயோ கேள்விப்பட்டது.

"மரத்துல ஊத்துனா மரத்தோட வாசனையும் சேந்துக்குங்க. எனக்குப் பழம் மட்டும் பேசணும். மேல் தோட்டத்துது என்ன ருசி, கீழ்த் தோட்டத்துது என்ன ருசின்னு பிரிச்சுக் காட்டணும். ரெண்டும் ஒரே கொடி, ஒரே மாதிரி மண்ணு. ஒசரம் ஒண்ணுதான் வித்தியாசம்."

"மலை மேல போனா எனக்கு வாந்திதாங்க வரும். திராட்சைக்கு ருசி வருதாக்கும்?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து இரண்டு கொத்து எடுத்து மேஜை மேல் வைத்தார். கீழ்த் தோட்டத்துப் பழம் கொழுகொழுவென்று இருந்தது. வாயில் போட்டதும் சர்க்கரைத் தண்ணீராக இறங்கிவிட்டது. மேல் தோட்டத்துப் பழம் சின்னது, தோல் தடிப்பு. கடித்ததும் புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டேன். மெல்ல மெல்லப் பின்னாலேயே இனிப்பு வந்தது, விழுங்கிய பிறகும் வாசனை வாயிலேயே நின்றது.

"பகல் வெயிலு ரெண்டு எடத்துலயும் பழத்த இனிப்பாக்கிடுதுங்க. ராத்திரிதான் கணக்கே மாறுது" என்றார் பிலோமினா. "கீழ ராத்திரியும் புழுங்குது இல்லீங்களா, பழம் தூங்காம கெடந்து தன் புளிப்பைத் தானே தின்னு தீத்துடுது. இனிப்பு மட்டும்தான் மிச்சம். மேல குளிருது. புளிப்பு அப்படியே நிக்கும். அவசரமில்லாம பழுக்கறதால தோலு தடிச்சு நெறமும் வாசனையும் ஏறுது. ஒயினுக்கு அந்தப் புளிப்புதாங்க முதுகெலும்பு. இல்லேன்னா சப்புன்னு படுத்துடும்."

சூளையைப் பார்த்துக்கொள்ளும் கலியபெருமாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம சூளையும் அப்படித்தாங்க. மேல்தட்டுல ஒரு வேக்காடு, கீழ்த்தட்டுல ஒரு வேக்காடு" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே கொத்தில் பாதியைத் தின்றார்.

போகும்போது பிலோமினா குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். மேல் தோட்டத்தை விற்றுவிட அவருடைய அண்ணன் துடித்துக்கொண்டிருந்தாராம். ரிசார்ட் கட்டுகிறவர் ஒருவர் விலை பேசிவிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல்காரர் ருசி பார்த்து எடுத்துக்கொண்டால் தோட்டம் தங்கும், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "அந்தத் தோட்டத்துல ஒவ்வொரு கொடியும் என் கையால நட்டதுங்க" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆர்டரை எடுத்துக்கொண்டேன்.

முதலாளியிடம் ஊறுகாய் ஜாடி என்று சொன்னேன்.

"ஊறுகாயா?" என்றார்.

"ஆமாங்க. மாங்கா, எலுமிச்சை, நார்த்தங்கா. பெரிய கம்பெனிங்க."

மாதிரி ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சரி என்று தலையாட்டினார். எனக்கு என் வாய் சாமர்த்தியத்தின் மேல் ஒரே பெருமை.

பொய் சொல்வது சுலபம், அதற்குப் பிறகு அதைக் காவல் காப்பதுதான் வேலை. பிலோமினா வந்து எதிரில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? முதலாளி கிருத்திகைக்குப் பழனி போனார். அவர் திரும்புவதற்குள் சுட்டு, ஆறவைத்து, கட்டி, லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவுகட்டினேன். கணக்காகப் பன்னிரண்டு ஜாடி கீழ்த்தட்டில், பன்னிரண்டு மேல்தட்டில், உடைத்துப் பார்க்க ஒன்று உபரியாக அதுவும் மேல்தட்டில்.

மத்தியானம் கலியபெருமாள் பார்வை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "யக்கா, மேல வெந்துட்டுது. கீழ்த்தட்டு இன்னும் ரெண்டு மணி நேரம் கேக்குது."

"ரெண்டு மணி நேரம் குடுத்தா நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள ஆறாது. கள்ளக்குறிச்சி லாரியை வுட்டா அடுத்தது ரெண்டு நாள் கழிச்சுதான். அதுக்குள்ள முதலாளி வந்து நிப்பாரு."

"வந்தா வரட்டுமே? ஊறுகாய் ஜாடிதான?"

அவரையும் நான் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தேன், ஆனால் அவருக்கு உண்மை தெரியும். சிரிக்காமல் கேட்டார், கிராதகர். நான் முறைத்ததும் போய் பர்னரை அணைத்தார்.

மறுநாள் உபரி ஜாடியை உடைத்து ஒரு சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். சரியாக வேகாத ஓடு ஈரத்தை உறிஞ்சும், அதனால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். வெந்த ஓடு வழுக்கி விழும். இது வழுக்கியது. ரொம்பத் திருப்தி! அது மேல்தட்டு ஜாடி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கீழ்த்தட்டு ஜாடிகளைச் சுண்டிப் பார்த்தேன், சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. பெரிய ஜாடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் இருப்பவளுக்குக் காதும் கூடச் சேர்ந்து பொய் சொல்லும்.

பெட்டி கட்டும்போது நம் வழக்கப்படிதான் கட்டினோம். மேல்தட்டுச் சாமான் தனி, கீழ்த்தட்டுச் சாமான் தனி. நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும், கலந்து அனுப்பினால் வாங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றுதானே அந்த வழக்கம். மேல்தட்டு ஜாடிகள் பளிச்சென்று வெள்ளை, கீழ்த்தட்டு ஜாடிகள் லேசான சந்தன நிறம். லாரி போனது, அடுத்த நாள் விடியற்காலையில் முதலாளி பழனிப் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். "ஊறுகாய் போயிட்டுதா?" என்று கேட்டு என் கையில் இரண்டு கரண்டி பஞ்சாமிர்தம் வைத்தார். நான் பக்தியோடு சாப்பிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஆபீஸ் போனில் பிலோமினா கூப்பிட்டார். பாண்டிச்சேரியில் ருசி பார்க்கப் போகிறார்கள், ஜாடி செய்த நீங்கள் அவசியம் வரவேண்டும் என்றார். ஆனால் குரலில் உற்சாகமே இல்லை. "மேல் தோட்டத்து ஒயின் கொஞ்சம் சுணங்கின மாதிரி இருக்குதுங்க. நான்தான் ஒசரம் ஒசரம்னு பெருசா பேசிட்டேனோ என்னவோ" என்றார். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. சொந்தக்காரக் கல்யாணம் என்று லீவு போட்டுவிட்டு, கலியபெருமாளையும் அழைத்துக்கொண்டு, நெய்வேலி கடலூர் வழியாக பஸ் பிடித்துப் போனேன். நான் பட்டுப்புடவை வேறு கட்டியிருந்தேன்.

ஓட்டலில் ஏ.சி. போட்ட ஹால். நீளமான மேஜையில் வெள்ளைத் துணி, அதன் மேல் நம் ஜாடிகள் இரண்டு. ஓட்டல்காரர், பிலோமினா, கையில் பேப்பர் உறையோடு அவருடைய அண்ணன். ஓட்டல்காரர் கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் பிடித்துச் சுழற்றி, மூக்கை விட்டு மோந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்து வாளியில் துப்பினார். நான் பதறிவிட்டேன். "பிடிக்கலியா?" என்று பிலோமினாவிடம் கிசுகிசுத்தேன். ருசி பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் துப்பிவிடுவார்களாம், குடித்தால் அடுத்ததன் ருசி தெரியாதாம்.

"இத்தன கஷ்டப்பட்டுப் பண்ணது துப்பறதுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கலியபெருமாள் தனக்கு வந்த கோப்பையை மரியாதையாக விழுங்கினார். அடுத்ததையும் விழுங்கினார்.

அப்போதுதான் மேஜைத் துணியைப் பார்த்தேன். வெள்ளை ஜாடிக்குக் கீழே துணி சுத்தமாக இருந்தது. இன்னொரு ஜாடிக்குக் கீழே வட்டமாகச் சிவப்புக் கறை. குழாயில் ஒழுக்கு இல்லை. ஜாடியின் அடியே வியர்த்திருந்தது. அந்த ஜாடி சந்தன நிறம்.

"இது எந்தத் தோட்டத்துதுங்க?" என்றேன்.

"மேல் தோட்டம். நீங்களே ரெண்டு நெறமா பிரிச்சு அனுப்பிச்சிருந்தீங்களே, என்னா யோசனைடா இதுன்னு அசந்துட்டேன். லேபிளே ஒட்டலை. சந்தன நெறம் பூரா மேல் தோட்டத்துக்கு, வெள்ளை பூரா கீழ்த் தோட்டத்துக்கு" என்றார் பிலோமினா. நன்றியோடு சொன்னார் பாருங்கள், அதுதான் என்னைக் கொன்றது.

பன்னிரண்டு ஜாடியும் அப்படி. இரண்டு மணி நேரம் வேகாத பன்னிரண்டு ஜாடி. க்ளேஸில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை வழியாக ஒயின் ஓட்டுக்குள் இறங்கி வெளியே கசிய, அந்த இடத்தில் காற்று உள்ளே போய், அத்தனை வாசனையையும் நாலு மாதமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பழம் பேசவேண்டும் என்றாரே, அதன் வாயை அடைத்தது நான்.

ஓட்டல்காரர் மேல் தோட்டத்து ஒயினையும் துப்பிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "கீழ்த் தோட்டத்துது பரவாயில்ல மேடம். இது அடிச்சுப்போட்ட மாதிரி கெடக்குது. மலைன்னு சொன்னீங்க, ஒண்ணும் தெரியலியே."

அண்ணன் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜை மேல் விரித்தார். பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். பிலோமினா பேனாவை வாங்கினார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பேசினால் கம்பெனி பெயர் போகும். முதலாளிக்குத் தெரிந்துவிடும். ஒயின், ஊறுகாய், லீவு, கல்யாணம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் வேலை போகும். கலியபெருமாள் என்னையே பார்த்தார். மூன்று கோப்பை உள்ளே போயிருந்தாலும் பார்வை தெளிவாக இருந்தது.

"ஏங்க, ஒரு நிமிஷம். அந்த ஜாடியைக் கொஞ்சம் ஒடச்சுப் பாக்கட்டுங்களா?" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கலியபெருமாளைப் பார்த்தேன். அவர் சமையல்கட்டுக்குப் போய் ஒரு குழவிக்கல்லோடு வந்தார். அவ்வளவு பெரிய ஓட்டலில் குழவிக்கல் எங்கே கண்டுபிடித்தாரோ! ஒயினை ஒரு வாளியில் வடித்துவிட்டு, துணி சுற்றி ஒரே போடு. விலாப்பக்கத்துச் சில்லை எடுத்துக் காட்டினேன். வெள்ளையாக இருக்கவேண்டிய உடைந்த விளிம்பு, உள்ளிருந்து வெளிவரை சிவப்பாக ஊறியிருந்தது. ஒயின் படாத கழுத்துப் பக்கத்துச் சில்லு ஒன்றைத் துடைத்து, நாக்கை நீட்டி அதில் வைத்தேன்.

ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தேன், சில்லு நாக்கிலேயே தொங்கியது. பட்டுப்புடவை, ஏ.சி. ஹால், நாக்கில் ஓடு. அந்தக் கோலத்திலேயே "வேகலை" என்று சொல்லப் பார்த்தேன், வேறு என்னவோ சத்தம்தான் வந்தது.

கலியபெருமாள் மொழிபெயர்த்தார். "ஜாடி சரியா வேகலைன்னு சொல்றாங்க. நாங்கதாங்க வேகவுடலை. தோட்டத்து மேல தப்பில்ல."

வெள்ளை ஜாடியையும் உடைத்தோம். விளிம்பு வெள்ளை, சில்லு நாக்கில் நிற்காமல் வழுக்கியது. ஓட்டல்காரர் இரண்டையும் வாங்கித் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். மனுஷன் நாக்கை நம்பிப் பிழைப்பவர், சட்டென்று புரிந்துகொண்டார். ஆனால் அண்ணன் விடவில்லை. "ஜாடி கெட்டதுங்கறதுக்காக ஒயினு நல்லதுன்னு ஆயிடுமா? நல்லா இருந்ததுன்னு யாரு கண்டா?" என்றார். நியாயமான கேள்விதான்.

செக்கிங் மூளை அப்போதுதான் வேலை செய்தது. "ஜாடியில கொள்ளாம மிஞ்சினதை என்னா பண்ணீங்க?" என்று பிலோமினாவைக் கேட்டேன். எதை எதில் ஊற்றினாலும் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும்.

"மேல் தோட்டத்துது ரெண்டு கண்ணாடி பாட்டில் மிஞ்சிச்சுங்க. ஒண்ணு அண்ணி சளிக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க" என்றார். அண்ணன் கூரையைப் பார்த்தார். "இன்னொண்ணு..." என்று நிறுத்தி, மேஜைக்குக் கீழே இருந்த பையை எடுத்தார். செய்தித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டிய பாட்டில். "உங்களுக்குக் குடுக்கலாம்னு எடுத்தாந்தேன் வசந்தாம்மா. ஜாடி இவ்ளோ அழகா செஞ்சு குடுத்ததுக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் ரிப்பனை நானே அவிழ்த்தேன்.

ஓட்டல்காரர் ஊற்றிச் சுழற்றினார், மோந்தார். மறுபடியும் மோந்தார். வாயில் வைத்துக் கொப்பளித்தார். நாங்கள் எல்லோரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் விழுங்கிவிட்டார்.

"இந்த மாதிரி ஜாடி நெறய குடுக்க முடியுமா மேடம்? சாரி, இந்த மாதிரி பாட்டில்" என்றார். அண்ணன் பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிலோமினா என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, எனக்கு அதுதான் கூச்சமாக இருந்தது.

எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. சளிக்கு என்று நினைத்துக் குடித்தேன். அன்றைக்கு மேஜையில் தின்ற பழம் அப்படியே இருந்தது. முதலில் கண்ணை மூடவைக்கும் புளிப்பு, பின்னால் வந்து வாயிலேயே தங்கும் வாசனை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் பன்னிரண்டு ஜாடி புதிதாகச் சுட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றும் சொன்னேன். அவர் விபூதித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா வசந்தா, ஊறுகாய் ஜாடிக்கு எவனாவது அடியில கொழாய் மாட்டுவானா?"

கேட்டுவிட்டு அவரே மேலே சொன்னார்.

"மாதிரி ஜாடியைப் பாத்தன்னிக்கே தெரியும். அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு தோட்டத்தப் பத்தி வாட்ச்மேன்கிட்ட சொல்லி அழுதுதாம், அதுவும் தெரியும். வேணாம்னு சொல்ல மனசு வரலை. கண்ணால பாக்காம இருந்துடலாம்னுதான் அந்த மாசம் ரெண்டு நாள் கூட ஆகும்னு சொல்லிட்டுப் பழனிக்குப் போனேன். நீ என்னடான்னா நான் வந்துடுவேன்னு அவசரப்பட்டு, வேகாததை எறக்கியிருக்கே."

பிள்ளைகளே, அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாருக்குப் பயந்து நான் அந்த இரண்டு மணி நேரத்தைத் திருடினேனோ, அந்த மனுஷன் எனக்காக இரண்டு நாள் ஒதுங்கி நின்றிருக்கிறார். போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் மறைக்கத் தெரிந்தவள் என்ற கர்வம்தான் ஜாடியை வேகவிடாமல் செய்தது. உங்கள் மேஜைக்கும் ஒருநாள் அவசரம் வரும். அப்போது சாமானைச் சுண்டிப் பார்ப்பதற்கு முன்னால், எதற்காக அவசரப்படுகிறோம் என்று உங்களையே ஒருமுறை சுண்டிப் பாருங்கள். உடைத்துப் பார்ப்பதென்றால் இரண்டு தட்டிலும் உடையுங்கள்.

இரண்டாம் முறை சுட்டபோது முதலாளியே சூளைப் பக்கம் வந்து நின்றார். கலியபெருமாள் பர்னரில் கை வைக்கப் போனதும், "இருப்பா, கீழ்த்தட்டு நல்லா வேகட்டும். ஊறுகாய் கெட்டுப்போச்சுன்னா வசந்தா நாக்கைத் தொங்கப் போட்டுக்குவா" என்றார். ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கிண்டல் என்னை விடவில்லை.

அந்தச் சந்தன நிறச் சில்லு இன்னும் என் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. மேல் தோட்டமும் அங்கேயேதான் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் வரும். என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் சில்லைக் கொடுத்து நாக்கில் வைக்கச் சொல்வேன். நீங்களும் வாருங்கள். இத்தனை வருஷமாகியும் ஒட்டத்தான் செய்கிறது.